எண்ணும் கண்ணும்

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்குக் கண்ணாக வைத்துப் பேசினர் நம் ஆன்றோர். கல்வியைச் சிறப்பிக்க எழுந்த அவ்வுரையை இன்று சிறிது திருப்பிப் பொருள் கொள்ள விழைகின்றோம். முகத்திலுள்ள கண்ணைக் காப்பதற்கும் எண்ணும் எழுத்துமே வேண்டும் என்பது நம் துணிபு. கண் வைத்தியத்தில் கத்தியின் திறமையைப் போற்றுவோர் பலர்; கத்தியைக் கீழே வைத்த பின் அக்கண் பார்க்கின்றதா என்று எண்ணி எழுதி வைப்போரைப் போற்றுவோர் சிலரே. இக்குறையைக் குறித்து நம் மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணவர்க்கும் சில சொல்லத் துணிந்தோம்.

மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தியாகராய நகரின் கடைத்தெருக்களிலும், அடையாற்றின் பெருஞ்சாலைகளிலும் நடந்து செல்வோர் கண் ஆஸ்பத்திரிகளின் விளம்பரப் பலகைகளைக் காணாதிரார். இத்தனை ஆயிரம் பேருக்குப் புரை நீக்கினோம், இத்தனை இலவச முகாம்கள் நடத்தினோம் என்று உரைக்கும் அறிவிப்புகளும் நமக்குப் பழக்கமானவையே. அவ்வெண்களைப் பொய்யென்று நாம் கூறவில்லை. அவற்றின் பின்னுள்ள உழைப்பையும் ஈகையையும் குறைத்துரைக்கவும் இல்லை. ஆயின் ஒன்று கேட்கின்றோம். பரீட்சை எழுதியவர் தொகையை மட்டும் கூறிவிட்டுத் தேறியவர் தொகையைக் கூறாத ஒரு கல்லூரியை யாரேனும் மெச்சுவரோ? கண் வைத்தியத்தில் மட்டும் அதனை நாம் மெச்சிக்கொண்டிருக்கின்றோம்.

கண் வைத்தியம் நம் நகருக்குப் புதியதன்று. இலண்டன் மாநகரில் மூர்பீல்ட்ஸ் கண் வைத்தியசாலை 1805-ஆம் ஆண்டில் தோன்றிற்று. அதன்பின் பதினான்கு ஆண்டுகளே கழிந்த நிலையில், 1819-இல், மயிலாப்பூருக்கு அடுத்த இராயப்பேட்டையில் சென்னைக் கண் வைத்தியசாலை தொடங்கப்பெற்றது. அதுவே பிற்காலத்தில் எழும்பூருக்குப் பெயர்ந்து, அரசினர் கண் மருத்துவமனையாக இன்றளவும் ஏழை எளியவர்க்கு ஒளி தந்து வருகின்றது. இந்தியாவின் முதற் கண் வங்கி 1945-இல் நிறுவப்பெற்றதும் அங்கேதான்.

அந்நாளிலேயே எழுதி வைக்கும் நற்பழக்கமும் தமிழகத்தில் வேரூன்றியிருந்தது. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், சுவார்த்ஸ் ஐயர் என்னும் மிஷனெரியாரிடம் கல்வி பயின்றவர். ஆகலின் நம்மைப் போன்ற கல்லூரியினர் அவரை உறவினராகக் கருதுதல் தகும். அவருடைய ஆதரவில் நடைபெற்ற கண் சிகிச்சைகளின் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தில் உள்ளன. ஆங்கிலத்திலும் மோடி எழுத்திலும் அமைந்த அவற்றில், நோயாளியின் நிலை இன்னது, செய்த சிகிச்சை இன்னது என்பன குறிக்கப்பெற்றுள்ளன. நோயுற்ற கண்களின் உருவங்களும் வண்ணத்தில் தீட்டப்பெற்றுள்ளன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசர் தம் குடிகளின் கண்களை ஒவ்வொன்றாக எழுதிவைக்கச் செய்தார் என்பது சிறிய செய்தியன்று.

இதற்கு நேர்மாறான வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. புரை தள்ளும் நாட்டு வைத்தியர் ஊர் ஊராகச் செல்வர். கூரிய கருவியொன்றைக் கண்ணுட் செலுத்தி, மங்கிய வில்லையை உள்ளே தாழத் தள்ளிவிடுவர். மறைத்தது விலகியவுடன் நோயாளிக்கு ஒளி தெரியும். வீட்டார் மகிழ்ந்து கூலி கொடுப்பர். வைத்தியரும் அடுத்த ஊருக்கு ஏகிவிடுவர். சில நாளில் கண் வீங்கிச் சீழ் கொண்டு பார்வை அடியோடு அழியுங்கால், அதனைக் காண அவர் அங்கு இரார். அவர்களுள் வஞ்சகரும் இருந்திருப்பர், நல்லவரும் இருந்திருப்பர். ஆயினும் தம் செயலின் விளைவைக் காணாதவர் எத்துணை நல்லவராயினும் திருந்த வழியில்லை.

எழும்பூர் மருத்துவமனையில் 1904 முதல் 1913 வரை தலைவராக விளங்கிய இராபர்ட் ஹென்றி எலியட் என்பார், இவ்வாறு கெட்ட கண்களை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து தனி நூலொன்றே இயற்றினார். இங்கு ஒரு நுட்பம் உணரத்தக்கது. மருத்துவமனையைத் தேடி வருவன பெரும்பாலும் கெட்ட கண்களே. தேறினவர் வரவேண்டிய அவசியமில்லை. ஆகவே வந்தவரை மட்டும் எண்ணினால் நாட்டு வைத்தியரின் குற்றம் உள்ளதினும் பெரிதாகத் தோன்றும். இன்று இதன் மறுபுறத்தைக் காண்கின்றோம். கண் நன்கு தெரிபவர் நன்றி கூற மீண்டும் வருவர். கெட்டவரோ மனம் வெறுத்து வேறிடம் செல்வர், அல்லது விதியென்று வீட்டில் அமர்ந்துவிடுவர். வந்தவரை மட்டும் எண்ணும் மருத்துவமனைக்குத் தன் பெருமை உள்ளதினும் பெரிதாகத் தோன்றும். வாராதவரையும் தேடி எண்ணுவதே உண்மைக் கணக்கு.

எலியட்டின் சொந்த வரலாறும் இதற்குச் சான்றாகும். கண்ணின் உட்புற நீரழுத்தம் மிகுந்து பார்வை நரம்பை அழிக்கும் நோய் கிளாக்கோமா எனப்படும். அந்நீர் வடிவதற்குக் கண்ணின் வெண்படலத்தில் நுண்ணிய துளையிடும் முறையொன்றை அவர் 1909-இல் சென்னையில் கையாண்டார். அது உலகெங்கும் பரவிற்று. நம் நகருக்கும் புகழ் தந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, துளையின் மேலுள்ள மெல்லிய தோல் வழியே நச்சுக் கிருமிகள் புகுந்து சில கண்கள் கெடுவது தெரியவந்தது. 1968-இல் கெயின்ஸ் என்பார் வெளியிட்ட வேறொரு முறை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. இதனால் எலியட்டின் புகழ் குறையவில்லை. நோயாளரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்தவர் இருந்தமையாலன்றோ பழுது வெளிப்பட்டது? பழுது வெளிப்பட்டமையாலன்றோ மேலானது பிறந்தது?

இனி, இக்காலத்தில் நம் நகரில் நடைபெற்ற எண்ணும் பணியை நோக்குவோம். கோபாலபுரத்தைச் சார்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சென்னை நகரில் சர்க்கரை நோயுற்றோருள் 100-க்கு 17.6 பேருக்கு விழித்திரை பழுதுற்றிருந்தது. நுங்கம்பாக்கத்தில் டாக்டர் பத்ரிநாத் 1978-இல் நிறுவிய சங்கர நேத்ராலயத்தார் வேறாக நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில் அத்தொகை 18.0. தனித்தனியே எண்ணிய இருவர் ஏறக்குறைய ஒரே விடைக்கு வந்தனர் என்றால், அவ்விடையை நாம் நம்பலாம். சர்க்கரை நோயுள்ள ஐவர் அல்லது அறுவருள் ஒருவர்! மாட வீதிக் குடும்பங்களில் இக்கணக்கினுள் அடங்காதது எது?

சங்கர நேத்ராலயத்தாரின் கிளாக்கோமா ஆய்வு இன்னும் அச்சம் தருவது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சென்னை நகர மக்களுள் 100-க்கு 3.51 பேருக்கு அந்நோயின் ஒரு வகை இருந்தது. அவர்களுள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் தமக்கு நோயுண்டு என்பதையே அறியாதிருந்தனர். புரையால் மறைந்த பார்வை மீளும். கிளாக்கோமாவால் இழந்த பார்வை மீளாது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழி இந்நோய்க்கே அமைந்ததுபோலும். வைத்தியசாலைக்குள் அமர்ந்து வருவோரை மட்டும் பார்த்திருந்தால் இவ்வுண்மை புலப்பட்டிராது. வீதிகளுக்குச் சென்று எண்ணியமையால் புலப்பட்டது.

நோயை எண்ணும் இவ்வுழைப்பு, சிகிச்சையின் பயனை எண்ணுவதிலும் வேண்டும். அதற்கு அளவுகோல் இல்லாமலில்லை. புரை நீக்கிய கண்களுள் 100-க்கு 80-க்குக் குறையாதவை, நோயாளி கையிலுள்ள கண்ணாடியோடேயே 6/18 என்னும் அளவேனும் பார்த்தல் வேண்டும். 6/60-க்கும் கீழே நிற்பவை 5-க்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வகுத்தது. நற்கண் 18 மீட்டர் தொலைவிற் காண்பதை 6 மீட்டரிலேனும் காண்பதே 6/18 ஆகும். 2021-இல் உலக நாடுகள் ஒப்பிய இலக்கும், சிகிச்சை பெற்றவரை எண்ணுவதோடு நில்லாமல், பெற்றுப் பார்வை தேறியவரையே எண்ணுகின்றது. நம் விளம்பரப் பலகைகளுள் இவ்வளவுகோலைக் காட்டுவன எத்தனை? பல வேளைகளில் குறை கத்தியிலும் இராது. சிகிச்சைக்குப் பின் தக்க கண்ணாடி கொடாமையே குறையாயிருக்கும். ஒரு கண்ணாடியால் தீர்வதை எண்ணாமையால் தீராமல் விடுகின்றோம்.

எண்ணினால் விளையும் நன்மைக்கு மதுரை சான்று. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையினர், ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட புரைச் சிகிச்சைகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். சிகிச்சை முடிவில் கண்ணுள்ளே கிருமிக்கொல்லி மருந்தொன்றைச் செலுத்தியதால், கண்ணுட் சீழ் பிடிக்கும் கேடு பதினாயிரத்துக்கு ஏழிலிருந்து இரண்டாகக் குறைந்தது. ஏழும் இரண்டும் சிறிய எண்களே. ஆயினும் பதினாயிரத்தில் ஐந்து குடும்பங்கள் இருளினின்று தப்பின. ஒவ்வொன்றையும் எழுதி வைத்திராவிடில் இவ்வேறுபாடு எவர்க்கும் தெரிந்திராது. 2008-இல் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு முகாமின் வழிச் சிகிச்சை பெற்றோர் பலர் தொற்றினால் கண்ணிழந்த துயரத்தை நினைவார்க்கு, இவ்வெழுத்து வேலை வீண் வேலையென்று தோன்றாது.

விளைவை வெளிப்படையாக்கினால் மருத்துவர் கடினமான நோயாளரைத் தொட அஞ்சுவர் என்று சிலர் கூறுவர். இக்கூற்றை நாம் எளிதாகத் தள்ளவில்லை. முதிர்ந்த புரையோடு கிராமத்திலிருந்து வரும் மூதாட்டியைக் கணக்குக் கெடுமென்று திருப்பி அனுப்பினால், அக்கணக்கினும் பாவம் வேறில்லை. ஆதலின் சிகிச்சைக்கு முன்னிருந்த நிலையையும் உடன் எழுதுக. ஒத்தவரை ஒத்தவரோடு ஒப்பிடுக. தனி மருத்துவரைத் தூற்றாமல் மருத்துவமனையின் மொத்தப் பயனை வெளியிடுக. கூலி வேலையை விட்டு மீண்டும் வர ஏழைகளால் இயலாது என்பதும் மெய்யே. அவர்கள் வர இயலாவிடில் நாம் செல்வோம்.

இங்குதான் நம் மாணவர்க்கு இடமுண்டு. முகாம் நடக்கும் நாளில் நாற்காலி எடுத்துப் போடவும் உணவு பரிமாறவும் நம்மவர் முன்நிற்கின்றனர், அது நன்று. அடுத்த திங்களில் அதே வீடுகளுக்குச் சென்று, எழுத்துப் பலகையைச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு கண்ணும் எதுவரை படிக்கின்றது என்று குறித்து மருத்துவரிடம் சேர்ப்பிப்பது அதனினும் நன்று. தம் வீட்டிலுள்ள நாற்பது கடந்தோரையும் சர்க்கரை நோயுற்றோரையும் குறையொன்றும் தோன்றாத போதே கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது ஒவ்வொருவர்க்கும் கடமை. மருத்துவராகவும் அறநிலையப் பொறுப்பாளராகவும் விளங்கும் பழைய மாணவர், முகாமுக்குப் பொருள் உதவுமுன், எத்தனை பேர் பார்க்கின்றனர் என்று ஒரு வினா கேட்பாராக. அவ்வொரு வினாவே பலவற்றைத் திருத்தும்.

பெத்சாயிதா ஊரில் இயேசு பெருமான் ஒரு குருடனைத் தொட்ட வரலாற்றை மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் நாம் பலகாற் படித்துள்ளோம். தொட்டவுடன் அவர் அப்பாற் செல்லவில்லை. ஏதேனும் தெரிகின்றதா என்று அவனையே கேட்டார். மனிதர் மரங்களைப் போலத் தோன்றுவதாக அவன் உள்ளதை உரைத்தான். அவர் மீண்டும் ஒருமுறை அவன் கண்களின்மேற் கை வைத்தார். அதன் பின்னரே அவன் தெளிவாகக் கண்டான். தெய்வ வல்லமை உடையவரே கேட்டறிந்து மீண்டும் கை வைத்தாரெனின், மானிட வைத்தியர் கேளாமற் செல்வது எங்ஙனம் பொருந்தும்? தெரிகின்றதா என்னும் அவ்வினாவைச் சென்னையின் ஒவ்வொரு கண் மருத்துவமனையும் ஒவ்வொரு நோயாளியையும் கேட்டு, வரும் விடையை மறையாமல் எழுதுவதாக.