திண்ணைக்குக் கதவு ஏது?

வீட்டுக்கு வாசற்கதவு உண்டு; கொல்லைக் கதவு உண்டு; திண்ணைக்கு மட்டும் கதவு கிடையாது. ஆகையால் அது எல்லாருக்கும் பொதுவான இடமென்றே நாம் வெகு காலம் நினைத்திருந்தோம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையருகே உள்ள நமது பூர்வீக வீட்டின் திண்ணையைச் சென்ற கோடை விடுமுறையில் பழுது பார்த்தபோதுதான் அந்த எண்ணம் விரிசல் கண்டது.

திண்ணையின் விரிசலுக்குக் காரணம் கரிசல் மண். மழை பெய்தால் உப்பும். வெயில் காய்ந்தால் கை நுழையும்படி வெடிக்கும். பருத்திக்கு மித்திரனான இந்த மண், கட்டடத்துக்குச் சத்துரு.

"இடித்துவிட்டு, கம்பிக் கதவு போட்டு, மோட்டார் வண்டியை நிறுத்துங்கள்" என்று பந்துக்கள் சிலர் யோசனை கூறினர். திருச்சுழியை நினைத்துப் பார்த்தோம். 1879 டிசம்பர் 30-ந் தேதி ரமண மகரிஷி பிறந்த ஊர் அது. அவருடைய தகப்பனார் சுந்தரமய்யர், ஊருக்குப் புதிதாக வருவோரை உபசரிப்பதில் பெயர் பெற்றவர். அவ்வூருக்குப் போகும் வழியில் இருந்துகொண்டு, வழிப்போக்கர் உட்காரும் இடத்தை ஒழிக்க மனம் வரவில்லை.

சிநேகிதர்கள் திரண்டனர். சித்திர ஆசிரியர் அளவெடுத்தார். தறி நெய்யும் நண்பர் தம் பாவு நூலையே முறுக்கிக் கட்டி மட்டம் பார்த்தார். ஓய்வு பெற்ற தபால்காரர் மண்வெட்டியை எடுத்தார். நமது கைங்கரியம் பெரும்பாலும் காப்பி விநியோகமே என்பதை மறைப்பானேன்?

எழுபது வயதுக் கொத்தனார் ஒருவர் தலைமை தாங்கினார். "அடி மண்ணை மாத்தாம மேலே பூசுறது, காய்ச்சக்காரனுக்குப் புதுச் சட்டை போடுற மாதிரி, வாத்தியாரய்யா" என்றார். எனவே மூன்றடி ஆழம் கரிசலை அகற்றி, சரளையும் மணலும் நிரப்பி இடித்தோம். சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் கலந்தோம். சிமெண்டு சீக்கிரம் இறுகும். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, மெள்ள மெள்ளத்தான் கல்லாகும். அதுவரை நீர் தெளித்துக் காக்க வேண்டும். தண்ணீர் அருமையான நமது தெருவில் வீட்டுக்கொரு குடம் வந்தது.

வேலை முடிந்த மாலையில், "ஐயா, முதலில் நீங்கள் உட்காருங்கள்" என்று கொத்தனாரை அழைத்தோம். அவர் தெருவிலேயே நின்றார்.

"எங்க ஐயாவும் தாத்தாவும் கூலி வாங்கினது இந்த இடத்துல நின்னுதான். பூச்சு ஈரமா இருக்கு. காயட்டும், வாத்தியாரய்யா."

ஈரத்துக்கும் அவர் நின்றதற்கும் சம்பந்தமில்லை என்பது நமக்குத் தெரிந்தது. அது நமக்குத் தெரிந்துவிட்டதென்பது அவருக்கும் தெரிந்தது.

1939 ஜூலை 8-ந் தேதி, வைத்தியநாதய்யர் முன்னிற்க, அதுவரை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் பிரவேசித்தனர். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. கதவுள்ள கோயில் அன்றே திறந்தது. கதவில்லாத நமது திண்ணை இத்தனை வருஷமும் சாத்தியே கிடந்திருக்கிறது! நம் பாட்டனார் யாரையும் "உட்காராதே" என்று சொன்னதாகக் கேள்வியில்லை. சொல்ல வேண்டிய அவசியமே நேராதபடி ஊர் பார்த்துக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து, பூச்சைப் பார்வையிடக் கொத்தனார் தம் பேத்தியுடன் வந்தார். அந்தக் குழந்தை யாரையும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து காலை ஆட்டத் தொடங்கினாள். கிழவர் திண்ணையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இறுகிருச்சு" என்றார். பிறகு, தெருவின் இரு கோடியையும் ஒருமுறை நோக்கிவிட்டு, தோள்துண்டால் தூசி தட்டி, பேத்தியின் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்தார்.

நாம் நமது வழக்கமான கைங்கரியத்தைச் செய்வதற்காக உள்ளே போனோம்.