அனுமதி இலவசம்... உரிமை அல்ல!

வீடியோவில் பாட்டு சேர்த்தால் காப்பிரைட் பிரச்னை. கேம் வீடியோ போடுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. இங்கிலாந்தின் பில்லி வுட்ஃபோர்டு 2011-ல் அதற்கு மருந்தாக, 'நோ காப்பிரைட் சவுண்ட்ஸ்' என்ற யூடியூப் சேனலைத் தொடங்கினார். சேனலே இசை நிறுவனமாக வளர்ந்தது.

யூடியூபர்கள் பாட்டை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கலைஞர் பெயரும் லிங்க்கும் போட்டால் போதும். அப்படி வந்த ஒவ்வொரு வீடியோவும் சேனலுக்குச் செலவில்லாத விளம்பரம்! நார்வேயின் ஆலன் வாக்கர், 2014-ல் 17 வயதில் 'ஃபேட்' இசையை வெளியிட்டது இங்கேதான். மறுவருடம் அதே மெட்டு, பாடகியின் குரலோடு 'ஃபேடட்' ஆகி உலகைச் சுற்றியது.

பெயரில்தான் 'நோ காப்பிரைட்'. இலவசமாகக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. பாட்டின் உரிமை கைமாறுவதில்லை. சொந்தப் பாட்டோடு சேனல் தொடங்குபவர்களே... கேட்கக் கொடுங்கள், பயன்படுத்தக் கொடுங்கள். உரிமையை மட்டும் யோசிக்காமல் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்!