அரிப்புக் கரையும் காற்றின் விலையும்

எங்கள் கடற்றொழிலாளர் காற்றுக்குப் பெயரிட்டு வழங்குவர். சோளகம் என்பர், வாடை என்பர், கொண்டல் என்பர். எந்தக் காற்றில் வலை வீசலாம், எந்தக் காற்றில் வள்ளத்தைக் கரையேற்ற வேண்டும் என்பது ஏட்டில் எழுதாத கல்வியாக அவர்களிடம் நிலைத்திருக்கிறது. அந்தக் காற்றுக்கு அண்மைக் காலத்தில் ஒரு விலையும் குறிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அமைச்சரவை அங்கீகரித்த அதானி நிறுவனத்தின் மன்னார், பூநகரித் திட்டத்தில், ஓர் அலகு மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்க சதம் என்பதே அவ்விலை. காற்றுக்கு விலை பேசியவர்கள், அது வீசும் கரையில் வாழ்வோரிடம் என்ன பேசினார்கள் என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய விரும்பும் வினா.

முதலில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்துவோம். மன்னார்த் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' காற்றாலைப் பூங்கா 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் இலங்கை மின்சார சபை அமைத்த அப்பூங்காவில் 30 காற்றாலைகள். மொத்த வலு 103.5 மெகாவாட். அடுத்து வந்தது, அதானி நிறுவனம் தீவில் 52 காற்றாலைகளை நிறுவ வகுத்த 250 மெகாவாட் திட்டம். அதனை எதிர்த்துச் சூழலியல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றத்தை நாடினர். மின் கொள்வனவு விலையைப் புதிய அரசு மீளாய்வுக்கு எடுத்தபின், 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 50 மெகாவாட், 20 மெகாவாட் வலுவுடைய வேறு இரு திட்டங்களுக்கென 14 காற்றாலைகளின் உதிரிப் பாகங்கள் வந்தன. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு இறங்கினர். ஜனாதிபதி பிரதிநிதிகளைச் சந்தித்து வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். தவணை முடிந்தது, செப்டெம்பர் 26ஆம் நாள் இரவு, பொலிஸ் காவலுடன் பாகங்கள் தீவுக்குள் கொண்டுசெல்லப்பட்டன. மறித்து நின்ற மக்களோடு மோதல் மூண்டது. குருமாரும் தாக்கப்பட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 29ஆம் நாள் மன்னாரில் கடைகள் அடைபட்டன. மக்கள் இணக்கமின்றி இனிமேல் தீவிற் புதிய காற்றாலைத் திட்டம் இல்லை என்ற பணிப்புரை அம்மாதத்திலேயே வெளிவந்தது. ஆனால் ஒப்பந்தமாகிவிட்ட 14 காற்றாலைகள் அதற்குள் அடங்கவில்லை.

மக்களின் முறைப்பாடு யாது? தீவோ தாழ்ந்த மணற்றிடர். பெருங்காற்றாலையைச் சுமந்துவரும் ஊர்திக்கு உயர்த்திக் கட்டிய பாதை வேண்டும். அப்பாதைகள் வெள்ளம் வடியும் வழியை அடைத்தன. மாரியில் வீட்டு வளவில் நீர் தேங்குகிறது என்கின்றனர். பனைகள் வெட்டுண்டன, கரையோரத்தில் மீன்பாடு குறைந்தது என்கின்றனர். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் வழியிலே இத்தீவு கிடக்கின்றது. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இவற்றோடு இல்மனைற் மணல் அகழ்வு பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது.

இவற்றுள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. வடிகால் அடைபட்டதா என்பதை மட்டம் பார்க்கும் கருவி கொண்டு ஒரு மாரிக்குள் அறிந்துவிடலாம். காற்றாலை மழையைத் துரத்துகிறது என்ற பேச்சும் உலவுகின்றது; அதற்குச் சான்று இல்லை. மாணவர்க்கு அறிவியல் கற்பித்தவன் நான். நம்மவர் சொல்வதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்று கூறக் கடமைப்பட்டவன். அவ்வாறே, மக்களின் ஒரு கூற்றுப் பிழையென்பதால் அவர்கள் கூறுவதெல்லாம் அறியாமை என்று தள்ளுவதும் அறிவியலன்று.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2022 மார்ச் மாதத்தில் நாள்தோறும் பல மணி நேரம், ஒரு கட்டத்தில் 13 மணி நேரம் வரை, நாடு இருளில் மூழ்கியதை யார் மறந்தார்? விளக்கெண்ணெய் தேடிப் பிள்ளைகள் படித்த நாள்கள் அவை. எரிபொருளுக்கு அந்நியச் செலாவணி இல்லாதபோது, நம் கடற்கரையில் வீசும் காற்று கைகொடுக்குமாயின் அதை வேண்டாம் என்பது எளிதன்று. 2030இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்ற இலக்கும் வெறும் அலங்கார வார்த்தையன்று.

சூரிய ஒளித் திட்டங்களிலும் இச்சிக்கல் உண்டு. கடலுக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலத்தை அது மூடிக்கொண்டது. காற்றாலை நிலத்திற் சிறிதே கொள்ளும். ஆனால் பாதையையும் வானத்தையும் கொள்ளும். எதுவாயினும், ஒளி நகரத்துக்குச் செல்ல, இடம் கிராமத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

இனி என் ஊருக்கு வருகிறேன். அரிப்பு, தீவிலன்று, பெருநிலத்துக் கரையில் உள்ளது. மன்னார் பிரஜைகள் குழுவினர் காற்று மின்சாரத்தையே எதிர்க்கவில்லை. தீவுக்கு வெளியே கொண்டுசெல்லுங்கள் என்றே கேட்டனர். அக்கோரிக்கையின் நியாயத்தை நான் உணர்கிறேன். ஆனால் 'வெளியே' என்பது எது? அருவியாற்றின் முகத்துவாரத்துக்கு அண்மையில் நிற்கும் எனக்கு அந்தச் சொல் நெஞ்சைத் தொடுகின்றது. தீவு தப்பினால் அடுத்த கரை எங்களுடையதாகலாம் அன்றோ?

எங்கள் கரைக்கு இது புதுக் கதையுமன்று. ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய இங்கு எழுப்பிய மாளிகை இன்று இடிபாடாய்க் கடலரிப்புக்கு இரையாகின்றது. 1905இல் இக்கடலில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் வாரப்பட்டன. மறு ஆண்டே, ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுக்கு முத்துப்பாரை லண்டன் நிறுவனமொன்றுக்குக் குத்தகையாயிற்று. 1907க்குப் பின் அந்நிறுவனத்துக்குக் குளிப்பே கிடைக்கவில்லை. தவணை முடியுமுன் அது கலைந்தது. ஒப்பந்தத்தில் ஆண்டும் தொகையும் இருந்தன. பாரைப் பற்றியும் கரையைப் பற்றியும் உரியவரைக் கேட்டறிந்த அறிவு இருக்கவில்லை.

அந்த இடிபாட்டின் அருகே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன்.

"மாஸ்டர், காத்தை ஆரும் பூட்டி வைக்க ஏலாது. எங்களுக்கும் கரண்ட் வேணும்தானே? ஆனா வாறதுக்கு முதல் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

"கேட்டால் ஓமெண்டு சொல்லுவியளோ அண்ணை?" என்றேன்.

"அது கேட்டாப் பிறகு யோசிக்கிற விசயம்," என்று சொல்லி ஊசியை மீண்டும் கண்ணியில் நுழைத்தார்.

இம்மறுமொழியில் ஒரு கொள்கையே அடங்கியுள்ளது. நோர்வேயில் போசன் பகுதியில், 151 காற்றாலைகள் சுழலத் தொடங்கிய பின்னர், 2021 ஒக்டோபரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவற்றின் அனுமதி சாமி இனத்தாரின் பண்பாட்டுரிமையை மீறியது எனத் தீர்த்தது. காற்றாலைகள் அகற்றப்படவில்லை, நெடிய பேச்சுக்குப் பின்னரே உடன்பாடு வந்தது. டென்மார்க்கிலோ 2009இல் நடைமுறைக்கு வந்த சட்டம், புதிய காற்றாலையின் பங்குகளில் 20 வீதத்தை அயல்வாழ் மக்களுக்கு விலைக்கு வழங்கப் பணித்தது. ஒரு நாடு கட்டிய பின் கேட்டது. மற்றொன்று கட்டுமுன் பங்கு தந்தது.

நாம் செய்யத்தக்கது யாது? வடிகால், பறவை, மீன்பாடு ஆகியவற்றின் ஆய்வைத் திட்டம் நடத்துபவர் அல்லாத அறிஞர் செய்தல் வேண்டும். அறிக்கை தமிழில், ஊர் மண்டபத்தில் வாசிக்கப்படல் வேண்டும். வருமானத்தில் ஊருக்குரிய பங்கு ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும். 'இல்லை' என்று சொல்லும் உரிமை பாகங்கள் துறைமுகத்துக்கு வருமுன்னரே இருத்தல் வேண்டும். ஊராரும் தம் பங்குக்கு, எந்த இடம் தகும் என்று கூறும் பொறுப்பை ஏற்றல் வேண்டும். 'எங்கும் வேண்டாம்' என்பது அயலூருக்குச் சுமையைத் தள்ளுவதாகும். தீவும் அரிப்பும் ஒன்றையொன்று காட்டிக் கொடாமல் ஒரே மேசையில் அமர்தல் அதற்கு முதற்படி.

சோளகம் ஆண்டுதோறும் வரும்; அவசரமின்றிப் பேச அது நமக்கு நேரம் தந்திருக்கின்றது. செப்டெம்பர் இரவொன்றில் பொலிஸ் வண்டிகளுக்கு நடுவே கொண்டுவரப்பட்ட இரும்பை, பகலில், கேட்டுக் கொண்டுவந்திருக்கலாம்.