கூரைச் சூடு தெரியுது, உள்ளே இருக்கிற ஆள்?



2020 ஜனவரி 4. பென்றித்தில் 48.9 பாகை. அதே ரயில் பாதையில்தான் எங்கட பென்டில் ஹில்லும் இருக்கு. கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பின்னேரம் கடற்காற்று வரும். மேற்கே வந்துசேர முதலே அது களைத்துப்போய்விடும்.

இந்த வெக்கையை அரசாங்கம் அறியாமல் இல்லை. 2013இல் ஏவப்பட்ட லான்ட்சற் 8 செய்மதி, 16 நாளுக்கு ஒருமுறை எங்கட தலைக்கு மேலால் போய் நிலத்தின் சூட்டை அளக்கிறது. அந்தத் தரவையும் 2016 குடிசன மதிப்பீட்டையும் சேர்த்து, எந்தத் தெருத்தொகுதி வெப்பத்தால் கூடுதலாகப் பாதிக்கப்படும் என்று நியூ சவுத் வேல்ஸ் அரசு ஒரு வரைபடமே போட்டிருக்கு. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பாருங்கோ. மர நிழல் எங்கே, காசு எங்கே என்று சேர்த்தே விளங்கும்.

ஆனால் செய்மதி காலை பத்து மணியளவில் கடந்துபோகிறது. அது காண்பது கூரையும் தார் றோட்டும். இரவு பதினொரு மணிக்கும் அனல் கக்கும் செங்கல் யூனிற்றுக்குள் தூங்க முடியாமல் புரளும் அம்மம்மாவை அது காணாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏசியைப் போடாத வீட்டையும், தற்காலிக விசாவில் இருப்பதால் வீட்டுக்காரரிடம் வாய் திறக்காத குடும்பத்தையும் காணாது.

சட்டமும் காணவில்லை. 2020 மார்ச்சில் வந்த வாடகை வீட்டுக் குறைந்தபட்சத் தரங்கள் ஏழு. தண்ணீர், மின்சாரம், காற்றோட்டம் எல்லாம் உண்டு. கூரைக்கு வெப்பக்காப்பும் இல்லை, குளிரூட்டலும் இல்லை. புதுப் பேட்டைகளில் கறுப்புக் கூரையைத் தடுக்கும் யோசனையும் 2022இல் கைவிடப்பட்டது. வெளிர்நிறக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்பு அடித்த சனத்துக்குப் புதுச் செய்தியே இல்லை.

ஆகவே, மேலிருந்து எடுத்த வரைபடத்தோடு கீழிருந்து எடுத்த கணக்கும் வேண்டும். 'பெற்றர் றென்ரிங்' அமைப்பு வாடகை வீடுகளில் வெப்பமானி வைத்து, குடியிருப்பவர்களைக் கொண்டே அளவெடுத்து அறிக்கையாக்குகிறது. எங்களாலும் ஏலும். வாற கோடையில் ஒவ்வொருவரும் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு வெப்பமானி வையுங்கோ. படுக்கையறைச் சூட்டை இரவு ஒன்பதுக்கும் விடிய ஆறுக்கும் குறியுங்கோ. பெயரும் விலாசமும் வெளியே போகக்கூடாது; விசாப் பயம் உள்ளவர்களுக்கு அதுதான் முதல் பாதுகாப்பு.

அந்தக் கணக்கோடு கம்பர்லாந்து நகரசபைக்கும் மாநிலப் பாராளுமன்றத்துக்கும் போவோம். நிழல் மரம் நகரசபையின் கடமை. வாழக்கூடிய வாடகை வீடு சட்டத்தின் கடமை. ஏசி வாங்க வசதி இல்லாததை எங்கட சனத்தின் தனிப்பட்ட குறையாகச் சொல்ல இனி விடக்கூடாது.

தோழமையுடன்,
ஆசிரியர் குழு