விண்வெளிப் படிப்பு யாருக்கு?

சந்திரயான்-3 என்னும் கலம் 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி சந்திரனில் இறங்கியது முதற்கொண்டு நம் வாலிபர்களில் பலருக்கு விண்வெளிப் படிப்பின்மீது ஓர் ஆசை உண்டாகியிருக்கிறது. இது சந்தோஷப்படத்தக்க சங்கதியே. ஆனால் ஆசை எங்கே உண்டோ அங்கே தரகனும் உண்டு அல்லவா? “விண்வெளி அமைப்புப் பொறியியல் என்று ஒரு மேல்படிப்பு இருக்கிறது, அதில் எம்.எஸ். பட்டம் வாங்கிவிட்டால் உத்தியோகம் வீடு தேடி வரும்” என்று சொல்லி, தகப்பனாரின் நிலத்தை அடமானம் வைக்கச் செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆதலால் இப்படிப்பு இன்னது என்பதையும், இது யாருக்குப் பயன்படும் என்பதையும் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

பெயரைக் கேட்டதும் இது ராக்கெட் செய்யக் கற்றுக்கொடுக்கும் படிப்பு என்றே பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. வீடு கட்டுகிற இடத்தில் பாருங்கள். கொத்தனார் தம் வேலையில் கெட்டிக்காரர். தச்சரும் தம் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் சுவரில் விட்ட இடத்தில் நிலை நுழையவில்லை என்றால் இருவரும் தத்தம் அளவே சரியென்று சாதிப்பார்கள். அங்கே மேஸ்திரி ஒருவர் வேண்டியிருக்கிறது. செயற்கைக்கோளிலோ மின்சாரக்காரர், ரேடியோக்காரர், சூட்டைத் தணிக்கிறவர், எஞ்சின்காரர், வழி கணக்கிடுகிறவர் என்று பலர் உண்டு. ஒவ்வொருவரும் தமக்கு இன்னும் பத்து கிலோ எடை வேண்டும், இன்னும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். ராக்கெட் தூக்குவதோ இவ்வளவுதான் என்று கணக்கு. இந்த எடைக்கும் மின்சாரத்துக்கும் வரவு செலவு எழுதி, கொஞ்சம் கையிருப்பும் ஒதுக்கி, ஒருவர் வேலை மற்றவர் வேலையோடு சேருகிற மூட்டு ஒவ்வொன்றிலும் நின்றுகொண்டு, “எவ்வளவு? எந்த அளவையில்? யார் அளந்தது? காட்டு பார்ப்போம்” என்று கேட்கிற வேலைதான் இது. சொன்னவர் எவ்வளவு பெரியவர் என்பது இங்கே செல்லாது. சோதித்துப் பார்த்தாயா என்பதுதான் செல்லும்.

இக்கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்கர் 1998 டிசம்பரில் செவ்வாய்க் கிரகத்துக்கு மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் கலத்தை அனுப்பினார்கள். கலத்தைச் செய்த கம்பெனியின் கணக்கு பவுண்டு அளவையில் வந்தது. வழி நடத்தியவர்கள் அதை நியூட்டன் என்னும் மெட்ரிக் அளவையாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம். ஒன்பது மாதம் ஓடிய பிறகு, 1999 செப்டம்பர் 23-ந் தேதி, சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம் 57 கிலோமீட்டர் வரையில் தாழ்ந்து போய் ஒழிந்தது. இடையிலேயே சிலருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. அது முறைப்படி விசாரிக்கப்படவில்லை. அளவைக் குழப்பத்தைக் காட்டிலும் இதுவே பெரிய குற்றமாக நமக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பியரின் ஏரியன்-5 ராக்கெட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. 1996 ஜூன் 4-ந் தேதி அது முதன்முதலாகக் கிளம்பி, 40 வினாடி ஆவதற்குள் வானத்திலேயே சிதறிற்று. காரணம் என்னவென்றால், பழைய ஏரியன்-4-க்கு எழுதிய கம்ப்யூட்டர் கட்டளைகளை, அதில் நன்றாக நடந்ததே என்று புதியதிலும் அப்படியே வைத்துவிட்டார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தால் வந்த எண் பழைய இடத்தில் அடங்கவில்லை. ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்திருந்த இரண்டாவது கம்ப்யூட்டரும் அதே கட்டளையைப் படித்து அதே இடத்தில் மூர்ச்சை போட்டது. தாத்தா செய்தார், ஆகையால் நாமும் செய்வோம் என்கிற புத்தி ராக்கெட்டையும் விடவில்லை போலும்!

நிற்க, இவற்றை நாம் எப்படி அறிந்தோம்? தோற்றவர்களே விசாரணை வைத்து, அறிக்கையை அச்சிட்டு உலகத்தின் முன் வைத்ததால் அறிந்தோம். ஏரியன் அறிக்கை இரண்டு மாதத்துக்குள் வெளிவந்தது. இன்று இப்படிப்பைப் படிக்கும் மாணவர்களுக்கு இவைதான் பாடம். நம் நாட்டில் என்ன நடந்தது? 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் இறங்குகலம் சந்திரனில் மோதி உடைந்தது. அதிலிருந்து பாடம் கற்றுத்தான் அடுத்ததை இறக்கினார்கள் என்பதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் காரணங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொன்னார்களே தவிர, அடுத்த கலம் இறங்கிய நாள் வரையில் முழு அறிக்கை பொதுஜனங்கள் கைக்கு வரவில்லை. ரகசியம் போய்விடும் என்பார்கள். அறிக்கையை அச்சிட்ட அந்த ஏரியன்-5, 2023 ஜூலை வரையில் 117 தடவை ஏவப்பட்டதே, என்ன கெட்டுப்போயிற்று? நம் வரிப்பணத்தில் உடைந்த கலம் நம் பிள்ளைகளுக்குப் பாடமாகவாவது ஆக வேண்டாமா? (பி.எஸ்.எல்.வி. வரிசையில் சி-12-க்குப் பிறகு சி-14 வந்ததே, நடுவில் இருக்க வேண்டிய 13 எங்கே போயிற்று என்பதையும் யாராவது அறிக்கை போட்டால் நலம்.)

இனிப் பணச் சங்கதிக்கு வருவோம். அமெரிக்கச் சட்டம் ராக்கெட்டை ஆயுதங்களோடு சேர்த்து வைத்திருக்கிறது. அதன் நுட்பத்தை அயல்நாட்டானுக்குக் காட்டுவதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். ஆகவே அங்குள்ள ராக்கெட் கம்பெனிகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிகளையும் நிரந்தரமாகத் தங்க உரிமை பெற்றவர்களையுமே வேலைக்கு எடுக்கின்றன. பட்டம் கொடுப்பார்கள், கதவைத் திறக்கமாட்டார்கள். தரகர்கள் இதைச் சொல்வதில்லை. மேலும், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதே பெயரில் உள்ள மேல்படிப்பு, ஏற்கெனவே வேலையிலிருக்கும் இஞ்சினீயர்களை உத்தேசித்து நடத்தப்படுவது. ஏனெனில், ஒரு வேலையும் தெரியாதவன் பல வேலைகளுக்கு மேஸ்திரியாக முடியாது.

சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநரான தோழர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே தொழிலாளியின் மகன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, படிப்படியாக ஏறி, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வரையில் போனவர். நம் பிள்ளைகளும், பெண் பிள்ளைகள் உட்பட, முதலில் மின்சாரமோ எஞ்சினோ கம்ப்யூட்டரோ ஒரு தொழிலில் கையைப் பழக்கிக்கொள்ளட்டும். இஸ்ரோவில் இஞ்சினீயராகச் சேருவதற்குப் பி.இ. பட்டமும் நல்ல மார்க்கும் பரீட்சையும் போதும். சென்னையில் தோன்றிய அக்னிகுல் போன்ற கம்பெனிகளும் ராக்கெட் ஏவத் தொடங்கியிருக்கின்றன. மேல்படிப்புத்தான் வேண்டுமென்றால், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் வலியமலையில் 2007-ல் ஏற்பட்ட இந்திய விண்வெளிக் கல்வி நிறுவனத்தில் கேட் பரீட்சை எழுதி எம்.டெக். படிக்கலாம். நிலத்தை அடமானம் வைக்கவேண்டிய அவசியம் இருக்காது.

அப்படியும் கடல் கடந்துதான் போக வேண்டும் என்கிறவர்களை நாம் தடுக்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன், படித்து முடித்த அயல்நாட்டு மாணவர்களில் எத்தனை பேர் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள் என்பதைத் தரகரிடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள்.