வீணாப் போற சூட்டுக்கு ஆர் கணக்கு?

சோத்துப் பானையை இறக்கின பிறகு, மிச்சத் தணலில சுடுதண்ணி வைக்காத அம்மம்மா ஆரும் எங்கட ஊர்களில இருந்திருப்பினமா? விறகும் காசு, சூடும் காசு. இந்தச் சின்ன விசயம் எண்ணெய்க் கம்பனிகளுக்கு மட்டும் விளங்குதில்லையாம்.

கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கரையிலிருந்து மின்சாரம் போவதில்லை. எடுக்கும் எரிவாயுவில் ஒரு பகுதியை அங்கேயே எரித்து, வாயுச் சுழலிகளை ஓட்டுகிறார்கள். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பயனாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி, 500 பாகை செல்சியஸ் அளவு சூட்டோடு புகைபோக்கியால் வெளியே போகிறது.

அந்தப் புகையின் பாதையில் கொதிகலன் வைத்து நீராவி எடுத்தால் இன்னொரு சுழலியை ஓட்டலாம். மசகு எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கத் தேவையான சூட்டையும் அதிலேயே எடுக்கலாம். இது ஒண்டும் கனவில்லை. நோர்வேயின் ஒஸ்பெர்க், எல்ட்ஃபிஸ்க், ஸ்னோர் வயல்களில் 2000ஆம் ஆண்டை ஒட்டியே நீராவிச் சுழலிகளைப் பொருத்திக் காட்டிவிட்டார்கள்.

பிறகேன் எல்லா இடமும் இல்லை? "இடமில்லை, பாரம் கூட" எண்டு சொல்லுவினம். பழைய மேடைகளுக்கு அது நியாயம்தான். இனிமேல் வரையப்போகும் மேடைக்கு என்ன சாட்டு? உண்மைக் காரணம் வேறு. சொந்த எரிவாயு, கிட்டத்தட்ட இனாம். புகைக்கும் விலையில்லை எண்டால் ஆர் மினக்கெடுவினம்? நோர்வே 1991இல் காபன் வரி போட்டது. அந்த வரிக்குப் பிறகுதான் அங்கே கொதிகலனுக்கு இடம் கிடைத்தது.

ஆனால் அடுத்த ஏமாற்றுக்கும் நாங்கள் தலையாட்டக் கூடாது. சூட்டை மீட்டதால் எண்ணெய் 'பச்சை' ஆகிவிடாது. மேடையில் வரும் புகையைவிட, அந்த எண்ணெயை வாங்கி எரிக்கும் இடங்களில் வரும் புகை பல மடங்கு. வீணாக்காதே எண்டு கேட்பது, தோண்டு எண்டு அனுமதி கொடுப்பதல்ல.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையுமில்லை. 2011இல் மன்னார்ப் படுகையில் டொராடோ, பரகுடா என்ற இரண்டு இடங்களில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே எடுக்கத்தான் வேண்டுமா என்பது முதல் கேள்வி. அதில் அந்தக் கடலை நம்பி வாழும் மீனவரின் சொல் முதலில் கேட்கப்பட வேண்டும். அதையும் தாண்டி மேடை வருமெண்டால், சூட்டை மீட்கும் நிபந்தனையை அனுமதிப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லி நாங்கள் கேட்க வேண்டும்.

மேடை நட்ட பிறகு கேட்டால் பதில் தெரிஞ்சதுதானே: "இடமில்லை."