அடவைப் பிள்ளையும் பார்க்கட்டும்
பாமன்கடை நடன மாணவர், பெற்றோர் கோரிக்கைச் சாசனம்

நடன ஆசிரியர்களுக்கும் பரீட்சைச் சபைகளுக்கும் மண்டப நிர்வாகங்களுக்கும்,

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பரத வகுப்புகள் சூமுக்கு மாறின. தட்டுக்கழிச் சத்தம் பிந்தி வந்ததால் தாளம் பிடிபடவில்லை. பிள்ளைகள் அடவைப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்ப, ரீச்சர்மார் பார்த்துக் குரற்பதிவில் திருத்தினார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் தங்கள் அரைமண்டியைச் சரியாகக் கண்டது அப்போதுதான். மண்டபங்கள் திறந்தபின் அந்தப் பழக்கம் நின்றுபோனது. அதை மீண்டும் தொடங்குங்கள்.

நாட்டடவில் ஒரு காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும்போது மற்றக் காலின் மண்டி எழும்பிவிடும், இடுப்பு பின்னுக்குப் போகும். “நல்லா இரு” என்று ரீச்சர் எத்தனை தரம் சொன்னாலும், இருந்துகொண்டுதானே ஆடுகிறேன் என்றே பிள்ளை நினைக்கும். பாதம் வெளியே திரும்பி முழங்கால் முன்னே நின்றால் மூட்டு முறுகும். வருடக்கணக்கில் அப்படியே தட்டினால் நோவில் முடியும். கண்ணாடி இதற்குப் போதாது. பக்கவாட்டில் பார்க்கக் கழுத்தைத் திருப்பினாலே நிலை கலைந்துவிடும்.

ஆகவே மாதம் ஒரு தரமாவது ஒவ்வொரு பிள்ளையின் அடவையும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் மூன்று காலத்திலும் பதியுங்கள். கமரா இடுப்பளவு உயரத்தில் அசையாமல் நிற்கவேண்டும், பாதம் முழுதாகத் தெரியவேண்டும். நிலையைப் பார்க்க மெதுவாகவும் தாளத்தைப் பார்க்க இயல்பான வேகத்திலும் ஓட்டுங்கள். என்ன பிழை என்பதை முதலில் பிள்ளை சொல்லட்டும், பிறகு நீங்கள் சொல்லுங்கள். ஒரு முறைக்கு ஒரு திருத்தம் போதும்.

யூடியூப்பில் பெரியவர்களின் ஆட்டம் இருக்கிறதே என்பார்கள். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ படத்தில் பாலசரஸ்வதியைப் பார்ப்பது பெரும் பேறுதான். ஆனால் தன் முழங்கால் எங்கே நிற்கிறது என்பதை அதில் எந்தப் பிள்ளையும் காணமுடியாது. அபிநயத்துக்கு நாங்கள் பதிவைக் கேட்கவில்லை. தன் முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தால் பாவம் செயற்கையாகிவிடும்.

அரங்கேற்றத்தன்று பல கமராக்கள் நிற்கின்றன. அன்று காணும் பிழையைத் திருத்த மறுநாள் வகுப்பு இல்லை.

வட இலங்கை சங்கீத சபை முதலான பரீட்சைச் சபைகள் செய்முறைப் பரீட்சையின் பதிவைப் புள்ளிகளோடு பிள்ளைக்கே தரவேண்டும். மண்டபங்களில் கமராத் தாங்கி வைக்க ஓரமாக ஓர் இடம் போதும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டோம். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எதையும் பதியக்கூடாது. பதிவு வகுப்புக் குழுவுக்கோ முகநூலுக்கோ போகக்கூடாது, ஒரு பிள்ளையுடையதை இன்னொரு பிள்ளைக்குக் காட்டி ஒப்பிடவும் கூடாது. தவணை முடிவில் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அழித்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. பதிவுக்கென மேலதிகக் கட்டணமும் வேண்டாம். நல்ல போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். வகுப்புக்கு ஒரு போன் இருந்தாற் போதும்.

அடுத்த தவணைக்கு முன் கூடிப் பேச ஒரு நாள் குறித்துத் தாருங்கள். கதிரைகளும் தேநீரும் எங்கள் பொறுப்பு.

பாமன்கடை நடன மாணவரும் பெற்றோரும்